பனி அள்ளும் செலவு

சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கிவிட்டு
மேசையில் மடிக்கணினியைத் திறக்கிறான் ஓரின்.
டுலூத்தில் பிப்ரவரி. வெளியே மைனஸ் பதினொன்று.
"போதுமா, போதாதா? இன்றைக்கு முடிவு கட்டிவிடலாம்" என்கிறான்,
பல்லைப் பிடுங்க ஒருவழியாகச் சம்மதித்தவன்போல.

இருவருக்கும் ஐம்பத்தெட்டு.
அவனுக்கு மாவட்டத்தின் பனிக்கலப்பை வண்டி,
முப்பத்தொரு குளிர்காலம்.
எனக்குப் பள்ளிச் சமையற்கூடம்,
நானூறு பிள்ளைகள், மதியம் இரண்டு மணிக்குத் தவறாமல் முதுகுவலி.
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது
மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம் டாலர்.
போன மாதம் மூன்று லட்சத்து இருபத்தாறாயிரம்.
எட்டாயிரம் எங்கே போயிற்று என்று கேட்டேன்.
"சந்தை" என்றான்,
நாய் தின்றுவிட்டது என்கிற குரலில்.

கடன் சங்கத்துப் பையன் கோல்பி
சம்பளத்தைப்போல் பத்து மடங்கு வேண்டும் என்றான்.
அவன் புதுக் கோட்டின் கையில்
விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்கியது.
ஓரினின் தங்கை, செலவைப்போல் இருபத்தைந்து மடங்கு என்கிறாள்.
பக்கத்து வீட்டு பெல்க்கொனென் மட்டும்
மடங்கு எதுவும் சொல்வதில்லை.
அறுபத்தாறில் வேலையை விட்டார்.
அறுபத்தேழில் ஹார்டுவேர் கடையில்
சிவப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார்.
சும்மா, பொழுது போகவில்லை என்பார், நாம் கேட்காமலே.

எக்செல் வரிசை வரிசையாக இறங்குகிறது.
பணவீக்கம் மூன்று. வீட்டு வரி. கூரை ஒருமுறை.
பல், எனக்கு இரண்டு, அவனுக்கு எத்தனையோ.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்;
இவன் ஏரியில் போட்டான், அளக்காமல்,
பதினெட்டு அடி அலுமினியப் படகு.
கொட்டகையில் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது அது.
அதன் எரிபொருளுக்கும் ஒரு வரி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"தெரியும்" என்றான்.

கடைசியில் பச்சை.
தொண்ணூற்று நான்கு வயதுவரை பச்சை.
"பார்த்தாயா!" என்று காபி வைக்க எழுந்து போனான்.

நான் உருட்டிக்கொண்டே போனேன்.
எழுபத்தொன்பதோடு ஒரு பத்தி நின்றுவிட்டிருந்தது.
அவனுடையது.
அதற்குப் பிறகு மளிகை பாதி. படகு பூஜ்யம்.
எண்பதில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது:
பனி அள்ள ஆள், ஆண்டுக்குத் தொள்ளாயிரம்.

இத்தனை வருடத்தில்
எங்கள் வாசல் பனிக்கு
யாருக்கும் ஒரு காசு கொடுத்ததில்லை.

இரண்டு கோப்பைகளோடு வந்து நின்றான்.
"அப்பா எழுபத்தொன்றில் போனார். அண்ணன் அறுபத்தெட்டில்.
எனக்குத் தாராளமாகத்தான் போட்டிருக்கிறேன்.
உன் அம்மாவைப் பார், தொண்ணூற்று மூன்றில்
இன்னும் சீட்டில் ஏமாற்றுகிறாள்."

எழுபத்தொன்பதை அழித்தேன்.
தொண்ணூற்று நான்கு என்று அடித்தேன்.
எண்பத்தேழிலேயே எல்லாம் சிவந்துவிட்டது.
"ஏழு வருடம் துண்டு விழுகிறது, டாக்னி."
"விழட்டும்."
"எண்பத்திரண்டு" என்றான்.
"தொண்ணூறு."
"எண்பத்தாறு. அதற்குமேல் கட்டுப்படியாகாது."
சொன்ன பிறகுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது.
எனக்கு வரவில்லை; பிறகு வந்தது,
மூக்கிலிருந்து காபி வருகிற அளவுக்கு.
படகை விற்கலாம் என்று இருவருமே சொல்லவில்லை.
இருவருமே கொட்டகைப் பக்கம் திரும்பவுமில்லை.

மூன்றரைக்கு அவன் தொலைபேசி அடித்தது.
எட்டு அங்குலம் விழுந்திருக்கிறதாம், இன்னும் வருமாம்.
ஊர்ச் சாலைகளுக்குக் கிளம்புமுன்
எங்கள் வாசலில் அவன் மண்வெட்டி உரசும் சத்தம்.
படுக்கையில் கிடந்தபடி கேட்டேன்.
ஏழரைக்குச் சம்பள அலுவலகம் திறக்கும்.
ஆறு விழுக்காட்டை ஒன்பதாக்கச் சொல்ல வேண்டும்.
ஒன்பது தாங்குமா என்று தெரியவில்லை.
சத்தம் நின்றது. மூச்சு வாங்குகிறான் போலும்.
எண்ணிக்கொண்டிருந்தேன்,
மறுபடியும் உரசும்வரை.